வெள்ளாட்டுக்குச் செம்மறி அளவு மருந்து போதாது

மழைக்குப் பின் புல் தழைக்கும்போது வயிற்றுப்புழுவும் பெருகும். ஆடு மெலியும், கண்ணின் உள் இமை வெளுக்கும், தாடைக்குக் கீழே நீர் கோர்த்துத் தொங்கும். மருந்து ஊற்றியும் ஆடு தேறவில்லை என்றால் கடைக்காரரைத் திட்டுகிறோம். பல சமயம் குறை மருந்தில் இல்லை, கொடுத்த அளவில்தான்.

அல்பெண்டசோல், பென்பெண்டசோல் போன்ற மருந்துகள் முதல் வயிற்றில் தங்கி, சிறுகச் சிறுக இரத்தத்தில் கலக்கின்றன. புழு சாக வேண்டுமானால் மருந்து போதிய அளவில் போதிய நேரம் உடலில் நிற்க வேண்டும். வெள்ளாட்டின் ஈரல் இவற்றைச் செம்மறியை விட விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. ஒரே அளவு கொடுத்தால் வெள்ளாட்டின் இரத்தத்தில் மருந்து குறைவாகவே இருக்கும். அதில் தப்பிய புழுக்களின் குஞ்சுகள் அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையா.

செம்மறிக்குக் கிலோவுக்கு 5 மி.கி. அல்பெண்டசோல் என்றால் வெள்ளாட்டுக்கு 10 மி.கி. தேவை. 20 கிலோ ஆட்டுக்கு 200 மி.கி.; அதாவது 2.5 சத மருந்தில் 8 மி.லி. எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று, பிறகு நம் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் மாலையே தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் காட்டி, காலையில் மருந்து கொடுத்தால் அது வயிற்றில் கூடுதல் நேரம் தங்கும். நிறைசினை ஆட்டையும் நலிந்த ஆட்டையும் பட்டினி போடக்கூடாது. மருந்தை நாக்கின் பின்புறத்தில் மெதுவாக விட வேண்டும். தலையை மிக உயரத் தூக்கினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

எல்லா மருந்தையும் இப்படி இரட்டிப்பாக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். லெவாமிசோலில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வெள்ளாட்டுக்கு வாய்வழியாகக் கிலோவுக்கு 12 மி.கி.யைத் தாண்டலாகாது. மிஞ்சினால் வாயில் நீர் ஒழுகும், உடல் நடுங்கும், ஆடு சாகவும் கூடும். குளோசாண்டல் மிஞ்சினால் கண்ணே போகும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கலாம். சினைக்கு விட்ட தேதியைச் சுவரில் கரிக்கோடாவது போட்டு வைப்பது இதற்காகத்தான். கறவை ஆடானால், எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளில், சில ஆடுகளின் புழுக்கையைத் தனித்தனியே பொட்டலம் கட்டிக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புழு முட்டை குறையாமல் இருந்தால், மருத்துவரைக் கேட்டு வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.