வரிசை மாறிய இரவு

“தம்பி, புத்தகம் என் கையில இருக்கு. பில் போடப் போனா அப்படி ஒரு நம்பரே இல்லைங்குது.”

2019 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை. பேசியவர் ஒரு புத்தக விநியோக நிறுவனத்தின் குடோன் பொறுப்பாளர். சனிக்கிழமை இரவுதான் அவர்களுடைய சர்வரை டெபியன் 9-இலிருந்து டெபியன் 10-க்கு மாற்றியிருந்தேன். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து லாகின், பில், பிரிண்டர், பேக்கப் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஓடியது. லாகில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சில வாரங்களே இருந்தன. குடோனில் கட்டுக்கட்டாகச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அப்கிரேடில் வரும் கோளாறுகள் பலவும் சத்தம் போட்டுத் தங்களைக் காட்டிக்கொடுப்பவை. 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, ஷா-1 முறையில் போடும் ஆர்எஸ்ஏ கையொப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. பழைய ரவுட்டருக்குள் நுழையப் போனால் கதவு திறக்காது, ஏன் திறக்கவில்லை என்பதையும் அதுவே திரையில் எழுதிவிடும். 2023-இல் டெபியன் 12 வந்தபோது, சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் மூலம் எதையும் நேரடியாக நிறுவ விடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியே மறுத்தது. இவற்றைச் சரிசெய்ய அரை மணி நேரமும் பொறுமையும் போதும். இன்றைக்குச் சொல்லப்போவது சத்தமே போடாத ஒன்று. என் வேலையில் நான் பயப்படுவது இந்த வகைக்குத்தான்.

பில்லிங் மென்பொருள் பிஎச்பியில் எழுதப்பட்டது. அப்கிரேடில் பிஎச்பி 7.0 போய் 7.3 வந்திருந்தது, அதனால் முதல் சந்தேகம் அதன்மேல். ஆனால் அதே புத்தகத்தைத் தலைப்பை வைத்துத் தேடினால் வந்தது, ஐஎஸ்பிஎன் எண்ணை வைத்துத் தேடினால்தான் வரவில்லை. பிஎச்பியை ஓரம்கட்டிவிட்டு நேராக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள் போய் அதே எண்ணைக் கேட்டேன். பூஜ்ஜியம் வரிகள். எண்ணின் நடுப்பகுதியை மட்டும் கொடுத்து, இது எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு வரி வந்தது. அதே எண்தான்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து நீளத்தை அளந்தேன். சரியாக இருந்தது. பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன், அதிலும் வித்தியாசம் இல்லை. அப்புறம்தான், இந்த ஒரு செஷனுக்கு மட்டும் இண்டெக்ஸைத் தொடாதே என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவிட்டு முதல் கேள்வியை மறுபடி கேட்டேன். ஒரு வரி வந்தது. இண்டெக்ஸை அனுமதித்துக் கேட்டேன். பூஜ்ஜியம். கேள்வியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வழி மாறினால் பதில் மாறுகிறது. கை சில்லிட்டுப் போனது.

இண்டெக்ஸ் என்பது நூலகத்தில் பழைய கார்டு டிராயர் மாதிரி. பத்து லட்சம் கார்டு இருந்தாலும் வரிசையாக அடுக்கியிருந்தால் எல்லாவற்றையும் புரட்ட வேண்டாம். நடுவில் ஒன்றைத் திறந்து பார்த்து, நாம் தேடுவது இதற்கு முன்னாலா பின்னாலா என்று முடிவுசெய்து, பாதி டிராயரை ஒதுக்கிவிடலாம். மீதியில் மறுபடி பாதி. இப்படி இருபது முறை ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் ஒன்றைப் பிடித்துவிடலாம். இத்தனை வேகமும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: அடுக்கியவரும் தேடுபவரும் ஒரே வரிசையை மனதில் வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. பழைய முறையில் அடுக்கிய டிராயரிடம் ஒரே இரவில் புதிய முறை படித்த ஒருவரை உட்கார வைத்தால், அவர் முதல் கார்டைப் பார்த்ததுமே தவறான பாதிக்குப் போவார். அங்கே இல்லையென்றால் இல்லவே இல்லை என்று சொல்லிவிடுவார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை.

எங்கள் சர்வரில் அந்தப் புதிய ஆள் யார்? அப்கிரேடில் மாறிய பேக்கேஜ்களின் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக வாசித்தேன். ஜிலிப்சி 2.24 போய் 2.28 வந்திருந்தது. லினக்ஸில் அநேகமாக எல்லா மென்பொருளும் சாய்ந்து நிற்கும் அடிப்படை லைப்ரரி அது. இரண்டு சொற்களில் எது முன்னால், எது பின்னால் என்பதை போஸ்ட்கிரெஸ் தானாக முடிவுசெய்வதில்லை; வழக்கமான அமைப்பில் அது ஜிலிப்சியைத்தான் கேட்கும். 2018 ஆகஸ்டில் வெளிவந்த 2.28, தன்னுடைய வரிசை அட்டவணையை ஐஎஸ்ஓ 14651 என்ற சர்வதேசத் தரத்தின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஏற்ப மாற்றி எழுதியிருந்தது. பல வருடம் பின்தங்கியிருந்த அட்டவணையைச் சரியாக்கினார்கள். செய்தது நல்ல வேலை. அந்தப் பழைய அட்டவணையை நம்பி எத்தனை இண்டெக்ஸ்கள் ஏற்கெனவே டிஸ்கில் கட்டப்பட்டுக் கிடக்கின்றன என்பது ஒரு லைப்ரரிக்கு எப்படித் தெரியும்?

மாற்றத்தைக் கண்ணால் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு வரியில் 11 என்றும் இன்னொரு வரியில் 1-1 என்றும் எழுதி, அமெரிக்க ஆங்கில லொகேலில் சார்ட் கமாண்டிடம் கொடுங்கள். பழைய ஜிலிப்சி 11-ஐ முதலில் வைத்து 1-1-ஐப் பின்னால் வைக்கும். இடையில் உள்ள கோட்டை அது முதல் சுற்றில் கண்டுகொள்வதில்லை. புதியது அந்தக் கோட்டுக்கும் எடை கொடுக்கிறது, எண்களுக்கு முன்னால் வைக்கிறது. ஆகவே 1-1 முதலில், 11 அப்புறம். ஐஎஸ்பிஎன் எண்ணை நினைத்துப் பாருங்கள். இந்தியப் பதிப்பகங்களுக்கு 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். அதற்குப் பிறகு கோடு எங்கே விழும் என்பது பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வேறுபடும். இந்த நிறுவனத்தில் புத்தகத்தின் உள்பக்கத்தைப் பார்த்துக் கோடுகளோடு அப்படியே டைப் செய்வது வழக்கம். இந்த மாற்றம் கடிப்பதற்கு இதைவிடத் தோதான டேட்டா கிடையாது.

வரிசை என்பது இயற்கையாக அமைந்த ஒன்று என்று நாம் நினைத்துவிடுகிறோம். தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதில் அடிபட்ட அனுபவம் உண்டு. நம் நெடுங்கணக்கில் மெய்களின் கடைசி எழுத்து ன. யூனிகோடில் அது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ற, ர-வை ஒட்டி நிற்கிறது. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் வந்துவிட்டன. யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ‘கனவு’ முதலில் வரும், ‘கப்பல்’ பின்னால் வரும். எந்த அகராதியிலும் அப்படி இருக்காது. கணினி நம் வரிசையில் அடுக்க வேண்டும் என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதற்கென ஓர் அட்டவணை எழுதித் தர வேண்டும். அந்த அட்டவணையும் ஒரு மென்பொருள்தான். அதற்கும் வெர்ஷன் உண்டு, ஒருநாள் அதுவும் அப்கிரேடு ஆகும்.

இந்த விபத்திலிருந்து தப்பும் வழி சனிக்கிழமை இரவே என் கையில் இருந்தது. டெபியன் 9-உடன் வந்தது போஸ்ட்கிரெஸ் 9.6, டெபியன் 10-உடன் வந்தது 11. இந்த மாற்றத்தை இரண்டு விதமாகச் செய்யலாம். டேட்டா முழுவதையும் வெளியே எடுத்துப் புதிதாக ஏற்றினால் இண்டெக்ஸ்கள் புதிய வரிசையில் மறுபடி கட்டப்படும், ஆனால் மணிக்கணக்கில் ஆகும். பிஜி அப்கிரேட் என்ற கருவியைப் பயன்படுத்தினால் பழைய கோப்புகள் இண்டெக்ஸ் உட்பட அப்படியே வந்துவிடும், சில நிமிடங்களில் வேலை முடியும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ரெப்ளிகா வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். முதன்மை சர்வர் பழைய ஜிலிப்சியிலும், அதன் பைட்-க்கு-பைட் நகல் புதிய ஜிலிப்சியிலும் இருந்தால், நகல் சத்தமில்லாமல் தப்புப் பதில் சொல்லும். ரெட் ஹேட் 7-இலிருந்து 8-க்குப் போனவர்களும், உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்குப் போனவர்களும் கடந்தது இதே கோட்டைத்தான்.

போஸ்ட்கிரெஸ் 10-இலிருந்து ஆம்செக் என்று ஒரு துணைக்கருவி கூடவே வருகிறது. இண்டெக்ஸில் அடுத்தடுத்து நிற்பவை உண்மையிலேயே வரிசையில் இருக்கின்றனவா என்று அது நடந்துபோய்ப் பார்க்கும். அன்று மாலை எல்லா இண்டெக்ஸ்கள் மேலும் அதை ஓட்டினேன். எண்களை வைத்துக் கட்டியவை பிழைத்துக்கொண்டன. எழுத்து வகை இண்டெக்ஸ்களில் சிலவற்றில் வரிசை குலைந்திருப்பதாக அறிக்கை வந்தது. ஆம்செக்கை வெர்ஷன் மாறிய அன்றே ஓட்டியிருந்தால் குடோன்காரர் எனக்கு போன் செய்திருக்கவே வேண்டியதில்லை. இப்போதெல்லாம் கொஞ்சம் பரவாயில்லை. 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15, டேட்டாபேஸ் உருவானபோது இருந்த வரிசை அட்டவணையின் வெர்ஷனைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அது மாறியிருந்தால் உள்ளே நுழையும்போதே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை அடக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. தயவுசெய்து இண்டெக்ஸ்களை மறுபடி கட்டிவிட்டு அதைக் கொடுங்கள், முன்னால் கொடுக்காதீர்கள். எச்சரிக்கை போய்விடும், நோய் போகாது. 2024-இல் வந்த 17-ஆம் வெர்ஷனில், ஆபரேட்டிங் சிஸ்டத்தை நம்பாமல் போஸ்ட்கிரெஸே வரிசைப்படுத்தும் வசதியும் வந்துவிட்டது. அதில் வருவது யூனிகோடு எண் வரிசை. ‘கனவு’ முன்னால் வருவதைப் பொறுத்துக்கொள்ள முடியுமென்றால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

மறுபடி கட்டுவதற்குக் கட்டளை ஒரே வரி: ரீஇண்டெக்ஸ். வெர்ஷன் 12-இலிருந்துதான் அதை வேலைக்கு இடையூறு இல்லாமல் செய்ய முடியும், எங்களிடம் இருந்தது 11. எனவே செவ்வாய் இரவு பில்லிங்கை நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். ஐஎஸ்பிஎன் இண்டெக்ஸுக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒரே எண் இரண்டு முறை இருக்கிறது, தனித்த இண்டெக்ஸ் கட்ட முடியாது என்றது.

அப்போதுதான் சேதத்தின் முழு அளவு புரிந்தது. இரண்டு நாளாக இறங்கிய சரக்கைப் பதிவுசெய்த பையன், எண்ணைத் தேடியிருக்கிறான். இல்லை என்று வந்ததும், புதுப் புத்தகம் போலிருக்கிறது என்று நினைத்துப் புதிய வரி சேர்த்திருக்கிறான். ஒரே எண்ணை இரண்டு முறை அனுமதிக்கக் கூடாது என்பதுதான் அந்த இண்டெக்ஸின் வேலை. அதுவே குருடாகிவிட்டதால் தடுக்கவில்லை. அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. கணினி சொன்னதை நம்பினான், அவ்வளவுதான்.

இரட்டையான எண்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கின. எந்த வரியை வைப்பது, எதை நீக்குவது என்பதை டேட்டாபேஸைக் கேட்டு முடிவுசெய்ய முடியாது. ஒன்றில் பழைய இருப்பு, இன்னொன்றில் புது வரவு, இரண்டுக்கும் நடுவில் இரண்டு நாள் விற்பனை. பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குக் குடோனுக்குப் போனேன். “அண்ணே, இதெல்லாம் எண்ணிப் பார்க்கணும்” என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை ஒருமுறை பார்த்தார். ஏணியை இழுத்துப்போட்டு ஏறினார். அவர் மேலேயிருந்து எண்ணிச் சொல்ல, நான் கீழே தரையில் லேப்டாப்பை வைத்து இரண்டு வரிகளை ஒன்றாக்கிக்கொண்டே வந்தேன். எண்ணின் ஒவ்வொரு பகுதியையும் கோட்டுக்குக் கோடு நிறுத்திப் படித்தார், எனக்காக.

கடைசி எண் வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. பழைய வரியில் 40 பிரதி, புதிய வரியில் 12. அவரிடம் சொல்லவில்லை, எண்ணச் சொன்னேன். கட்டைப் பிரித்து, ஐந்தைந்தாக நகர்த்தி, மேலிருந்து குரல் கொடுத்தார்: “அம்பத்திரெண்டு.”