ஸ்பான்சர் போனாலும் கனவு போகாது... பாஸ்க் மலைநாட்டின் சைக்கிள் பிடிவாதம்!

2019 செப்டம்பர் மாதம். ஸ்பெயினின் மிகப்பெரிய சைக்கிள் பந்தயமான வுவெல்டாவின் 11-வது நாள். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய உர்டாக்ஸ் என்ற சிற்றூரில் பந்தயம் முடிகிறது. கூட்டத்தை உதறிவிட்டுத் தனியாளாக வந்த மிகெல் இதுர்ரியா, பின்னால் துரத்தியவர்களைச் சில விநாடிகள் வித்தியாசத்தில் முந்திக் கோட்டைத் தொட்டார். புரொஃபஷனல் வீரராக அவருக்கு அதுதான் முதல் வெற்றி. அதுவும் சொந்த பாஸ்க் மண்ணில்!

ஆனால், அந்த சீசன் முடிந்ததும் அவருடைய அணியே இழுத்து மூடப்பட்டது. அணி ஜெயித்தது, ரசிகர்கள் கொண்டாடினார்கள், பணம் போட மட்டும் ஆள் இல்லை.

எவுஸ்காடி - முரியாஸ் என்ற அந்தக் குட்டி அணியின் கதை, பாஸ்க் மக்களுக்குப் புதிதல்ல. ஓர் அணி மூடப்படுவதும், அடுத்த சில வருடங்களில் யாராவது ஒருவர் புது அணியோடு வந்து நிற்பதும் அங்கே தொடர்ந்து நடக்கிறது. எதற்காக இந்தப் பிடிவாதம்?

துப்பாக்கிப் பட்டறையில் பிறந்த சைக்கிள்

ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்ஸின் தென்மேற்கு மூலையிலுமாகப் பரவியிருக்கிறது பாஸ்க் நாடு. மலை, மழை, பச்சைப் பள்ளத்தாக்கு. அவர்கள் பேசும் எவுஸ்காரா மொழிக்கு உலகில் வேறு எந்த மொழியோடும் உறவு இருப்பதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் அந்த மொழி ஒடுக்கப்பட்டது. இக்குரினா எனப்படும் அவர்களுடைய கொடி, 1977 வரை தடை செய்யப்பட்டிருந்தது.

அங்குள்ள எய்பார் நகரம் துப்பாக்கி தயாரிப்புக்குப் பேர்போனது. அந்தத் தொழில் நலிந்தபோது, இரும்புக் குழாயை வளைத்துப் பழகிய கைகள் சைக்கிள் பக்கம் திரும்பின. இன்று உலகம் முழுக்க விற்கும் ஓர்பேயா, பி.ஹெச் என்ற இரண்டு சைக்கிள் பிராண்டுகளும் துப்பாக்கி செய்த குடும்பங்கள் தொடங்கியவைதான். ஓர்பேயா இப்போது தொழிலாளர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் ஒரு கூட்டுறவு நிறுவனம்.

பாஸ்க் மக்களுக்கு ஒலிம்பிக்ஸில் தனி அணி கிடையாது. அதனால் கால்பந்தில் பாஸ்க் வீரர்களை மட்டுமே சேர்க்கும் அத்லெடிக் பில்பாவோவும், சைக்கிளில் ஆரஞ்சு ஜெர்சி அணியும் அவர்களுக்கு தேசிய அணி மாதிரி!

ஆரஞ்சு அலை

1993-ல் மிகெல் மதாரியாகா என்பவர் முன்னின்று எவுஸ்காடி அறக்கட்டளையைத் தொடங்கினார். சாதாரண ரசிகர்களும் சந்தா கட்டி உறுப்பினர் ஆனார்கள். அடுத்த ஆண்டே அணி களமிறங்கியது. பாஸ்க் மண்ணில் பிறந்தவர்கள் அல்லது அங்கே பயிற்சி பெற்று வளர்ந்தவர்கள் என்பதுதான் அணியின் அடையாளம். பிறகு எவுஸ்கால்டெல் என்ற உள்ளூர் தொலைத்தொடர்பு நிறுவனம் ஸ்பான்சராக வந்தது. அந்த நிறுவனத்தின் நிறமான ஆரஞ்சு, ஜெர்சிக்கும் வந்தது.

2001 டூர் டி ஃபிரான்ஸில் அறிமுகமான அணி, அந்த முறையே ஜெயித்தது. பிரனீஸ் மலையின் லூஸ் ஆர்டிடென் உச்சியில் ராபர்ட்டோ லைசெகா முதலில் வந்தார். 2003-ல் ஆல்ப் டூவெஸ் மலையில் இபான் மாயோ. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அணியின் சாமுவேல் சான்செஸ், ஸ்பெயினுக்காகத் தங்கம் வென்றார். அரசியல் பதற்றத்தால் 33 வருடங்கள் பாஸ்க் பகுதிக்கே வராமல் இருந்த வுவெல்டா, 2011-ல் பில்பாவோவுக்குத் திரும்பியது. அன்று ஜெயித்தவர் பக்கத்து ஊர்க்காரரான இகோர் அன்டோன். அவரும் ஆரஞ்சு ஜெர்சிதான்!

அதற்குள் பொருளாதார நெருக்கடி கழுத்தைப் பிடித்தது. உயர்மட்டத்தில் நீடிக்கத் தரவரிசைப் புள்ளிகள் தேவைப்பட்டதால், கடைசி சீசனில் வெளிநாட்டு வீரர்களையும் சேர்த்தார்கள். ரசிகர்களுக்கு மனசு ஒப்பவில்லை. 2013-ல் மூடுவிழா அறிவிப்பு வந்தது. ஃபார்முலா ஒன் நட்சத்திரம் ஃபெர்னாண்டோ அலோன்சோ அணியை வாங்க முன்வந்தார். சில வாரங்களிலேயே அந்தப் பேச்சும் முறிந்தது.

ஒரு குட்டி அணிக்கு என்ன வேண்டும்?

கிரிக்கெட் மாதிரி சைக்கிள் பந்தயத்துக்கு ஸ்டேடியம் கிடையாது. ரசிகர்கள் சாலையோரம் இலவசமாக நின்று பார்ப்பார்கள். டிவி ஒளிபரப்புப் பணம் பெரும்பாலும் பந்தயத்தை நடத்துபவர்களுக்குப் போய்விடும். ஆக, அணிக்கு இருக்கும் பெரிய வருமானம் ஸ்பான்சர் ஒருவர்தான். ஸ்பான்சரின் பெயர்தான் அணியின் பெயர். அவர் விலகினால் பெயரும் போகும், அணியும் போகும்.

செலவோ பெரிது. வீரர்கள் சம்பளம், மெக்கானிக், மசாஜ் செய்பவர், அணி கார், பஸ், ஹோட்டல், விமானம்... இதுபோக, சம்பளம் நின்றுபோனால் வீரர்களுக்குக் கொடுப்பதற்காக, சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ-யிடம் வங்கி உத்தரவாதமும் கட்ட வேண்டும்.

அணிகளுக்கு மூன்று படிநிலைகள் உண்டு. முதல் படியில் இருப்பவர்களுக்குப் பெரிய பந்தயங்கள் எல்லாவற்றிலும் இடம் நிச்சயம். இரண்டாம் படியில் இருக்கும் அணிகளில் பெரும்பாலானவை அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்றாம் படியில் இருப்பவர்கள் டூர், வுவெல்டா போன்ற மூன்று வாரப் பந்தயங்களுக்கு வரவே முடியாது. பணபலம் இல்லாத புது அணி பெரும்பாலும் தொடங்குவதோ மூன்றாம் படியில்! ஸ்பான்சர் கேட்பது டிவியில் முகம். டிவியில் முகம் காட்ட அழைப்பு வேண்டும். அழைப்பு வர நல்ல வீரர்கள் வேண்டும். நல்ல வீரர்களுக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு? மறுபடியும் ஸ்பான்சர்!

இந்தச் சுழலில்தான் 2015-ல் முரியாஸ் அணி கடைசிப் படியில் தொடங்கியது. 2018-ல் இரண்டாம் படிக்கு ஏறி, அதே வருடம் வுவெல்டாவில் லா கம்பெரோனா மலையில் ஆஸ்கர் ரொட்ரிகெஸ் மூலம் ஜெயித்தது. மறு வருடம் இதுர்ரியா. இரண்டு வுவெல்டாவில் இரண்டு வெற்றி. அப்படியிருந்தும் தப்பிக்க முடியவில்லை.

சொந்த அணியில் ஓட்டாத தலைவர்

இதற்கிடையே, நெருக்கடியில் தவித்த பழைய எவுஸ்காடி அறக்கட்டளையைக் கைதூக்கிவிட வந்தார் மிகெல் லாண்டா. 2017 டூரில் ஒரே ஒரு விநாடியில் மூன்றாம் இடத்தைத் தவறவிட்ட நட்சத்திர வீரர். ஆரஞ்சு அணியில்தான் பெரிய பந்தயங்களுக்குள் நுழைந்தார். அந்த ஆண்டே அறக்கட்டளையின் தலைவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தன் சம்பளத்துக்கு வேறு பெரிய அணியில் ஓட்டிக்கொண்டே, ஊர்ப் பிள்ளைகளுக்காக ஓர் அணியை எழுப்பினார்!

2018-ல் கடைசிப் படியில் புதிய அணி தொடங்கியது. 2020-ல் இரண்டாம் படிக்கு ஏறியது. அதே வருடம் எவுஸ்கால்டெல் மீண்டும் ஸ்பான்சராக வந்தது, ஆரஞ்சு ஜெர்சியும் திரும்பியது. 2021-ல் வுவெல்டாவிலும் அந்த நிறம் மீண்டும் தெரிந்தது. இப்போது அறக்கட்டளைக்குப் பெண்கள் அணியும் உண்டு.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. 2023-ல் டூர் டி ஃபிரான்ஸ் பில்பாவோ நகரிலேயே தொடங்கியது. மலைப்பாதை எங்கும் மக்கள் வெள்ளம், இக்குரினா கொடிகள். ஆனால், சொந்த ஊர் அணிக்கு அழைப்பு வரவில்லை. வாசலில் திருவிழா, வீட்டுக்காரருக்கு இடமில்லை!

அதே டூரில் இன்னொன்றும் நடந்தது. 10-வது நாள் பெயோ பில்பாவோ ஜெயித்தார். 12-வது நாள் இயோன் இசகிர்ரே. இருவருமே பாஸ்க் வீரர்கள். ஓட்டியது பஹ்ரைன், பிரான்ஸ் அணிகளுக்காக. ஆனால், இருபது வயதை ஒட்டிய பருவத்தில் இருவருக்கும் முதல் பெரிய வாய்ப்பைக் கொடுத்தது மூடப்பட்டுப்போன அந்த ஆரஞ்சு அணிதான்.

ஒரு குட்டி அணியை அது வாங்கிய கோப்பைகளை வைத்து மட்டும் அளந்துவிட முடியாது. அந்த அணி இல்லையென்றால், மலையோர கிராமத்தில் மழையில் நனைந்தபடி சைக்கிள் மிதிக்கும் ஒரு பதினாறு வயதுப் பையனோ பெண்ணோ அடுத்து எங்கே போவது என்ற கேள்விக்கு ஊரில் பதில் இருக்காது. பாஸ்க் மக்கள் மூடிய கடையைத் திரும்பத் திரும்பத் திறப்பது அதற்காகத்தான்.