இரண்டாம் ஆட்டம் – 9: பட்டியலில் ஒரு பெயர்

சென்ற வாரம் ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டையை விட்டுவிட்டுப் பிரசங்கம் செய்யப் போனதைப் பார்த்தோம். அவர் உலக சாம்பியன். எங்கே போய் நின்றாலும் கூட்டம் கூடும். இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. மைக்கேல் கோஸ்டா, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊர்க்காரர். டென்னிஸில் அவர் எட்டிய உச்சகட்ட ஒற்றையர் தரவரிசை 864.

அந்த எண்ணைக் கேட்டு உதட்டைப் பிதுக்கிவிடாதீர்கள். உலகத்தில் ராக்கெட் பிடிக்கும் அத்தனை பேரிலும் 863 பேர்தான் அவருக்கு முன்னால் இருந்தார்கள். ஆனால், அந்த இடம் சோறு போடாது. அவர் ஆடிய காலத்தில் டென்னிஸின் கீழ்ப்படியில் இருந்த ஃப்யூச்சர்ஸ் போட்டிகள் பலவற்றில் மொத்தப் பரிசுத் தொகையே 10,000 டாலர். முதல் சுற்றில் தோற்றவர் கைக்கு வருவது நூறு டாலர் சொச்சம். வழிச்செலவு, அறை வாடகை, ஸ்ட்ரிங் அறுந்தால் மாற்றும் காசு எல்லாம் அதற்குள். கேலரியில் கைதட்ட ஆள் இருக்காது.

இத்தனைக்கும் இல்லினாய் பல்கலைக்கழக அணியில் ஆடித் தேறியவர். அங்கே பயிற்சியாளராக இருந்த கிரெய்க் டைலிதான் பின்னாளில் ஆஸ்திரேலிய ஓபன் போட்டியின் இயக்குநர் ஆனார். கோஸ்டா ஆட்டத்தை நிறுத்திவிட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஸ்டாண்ட்-அப் காமெடி அந்த நாட்களில்தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு அந்தத் தொழிலின் வாசல் ‘ஓப்பன் மைக்’. சாயங்காலமே போய்த் தாளில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முறை வந்தால் மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. நேரம் முடியப்போகிறது என்றால் அரங்கின் பின்னாலிருந்து ஒரு சின்ன விளக்கு எரியும். சொன்ன ஜோக்குக்கு ஒருவரும் சிரிக்காவிட்டால் கைகொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்ததைச் சொல்லியாக வேண்டும், உடனே.

டென்னிஸும் அப்படித்தான். அன்றைய விதிப்படி, ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் வாயே திறக்கக் கூடாது. டபுள் ஃபால்ட் போட்டவர் மூச்சை இழுத்துவிட்டு அடுத்த பாயின்ட்டுக்குத் தானே போய் நிற்க வேண்டும். தனியாகத் தோற்று, மறுநாள் மறுபடி வந்து நிற்கும் பழக்கம் கோஸ்டாவிடம் ஏற்கெனவே இருந்தது. மேடையில் அவரைக் காப்பாற்றியது அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2017-ல் ‘தி டெய்லி ஷோ’ என்ற அமெரிக்க நையாண்டிச் செய்தி நிகழ்ச்சியில் நிருபராகச் சேர்ந்தார், 2024 முதல் அந்த நிகழ்ச்சியை மாறிமாறித் தொகுத்து வழங்குபவர்களில் ஒருவர்.

2025-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர் ‘லக்கி லூசர்’. இது டென்னிஸ்காரர்களின் சொல். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவருக்கு, பிரதான சுற்றில் யாராவது விலகினால், அந்த இடம் கிடைக்கலாம். நம் சென்னை பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2020 ஆஸ்திரேலிய ஓபனில் இப்படித்தான் உள்ளே போனார். அதற்கும் சும்மா இருந்தால் ஆகாது. தோற்ற வலியோடு மறுநாள் காலை மைதானத்துக்குப் போய்ப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருக்க வேண்டும்.

(தொடரும்)