இரத்தம் கொடுக்கத் தயங்காத நாம், இதைக் கொடுப்போமா?

இரத்த தான முகாம் என்றால் கல்லூரி மாணவர்கள் வரிசை பிடித்து நிற்கிறார்கள். கண் தானம், உறுப்பு தானம் பற்றிய பேச்சும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஆனால், "உங்கள் மலத்தைத் தானமாகக் கொடுங்கள், ஒரு நோயாளி பிழைத்துக்கொள்வார்" என்று ஒரு மருத்துவர் கேட்டால்? முதலில் சிரிப்பு வரும், பிறகு முகம் சுளிக்கும். ஆனாலும், மாணவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

எதற்காக மலம்?

நமது பெருங்குடலில் கோடானு கோடி நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. உணவு செரிக்க உதவுவதும், தீய கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுப்பதும் அவற்றின் வேலை. நாம் ஆண்டிபயாட்டிக் மருந்து சாப்பிடும்போது, நோய்க்கிருமியோடு சேர்ந்து இந்த நல்ல நுண்ணுயிரிகளும் அழிகின்றன. அப்படிக் காலியான இடத்தில் 'டிபிசில்' என்னும் கிருமி பெருகினால், கடுமையான வயிற்றுப்போக்கு ஏற்படும். மருத்துவமனையில் படுத்திருக்கும் முதியவர்களை இது அதிகம் தாக்குகிறது. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சத்து 50 ஆயிரம் பேரை இந்தக் கிருமி தாக்கியது. அவர்களில் சுமார் 29,000 பேர் 30 நாள்களுக்குள் இறந்தனர்.

சிலருக்கு மருந்து கொடுத்தாலும் நோய் திரும்பத் திரும்ப வரும். அவர்களுக்கு ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சுத்திகரித்து, குழாய் வழியாகவோ மாத்திரையாகவோ குடலுக்குள் செலுத்துகிறார்கள். அதிலுள்ள நல்ல நுண்ணுயிரிகள் குடலில் மீண்டும் குடியேறுகின்றன.

இந்த யோசனை பழையது. 4ஆம் நூற்றாண்டிலேயே சீன மருத்துவர் கே ஹாங் இப்படிப்பட்ட வைத்தியத்தைக் குறித்து வைத்தார். 1958இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் பென் ஐஸ்மன் 4 நோயாளிகளுக்கு இதைச் செய்தார். நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மலச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமாயினர். மருந்து மட்டும் சாப்பிட்ட 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவில் லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரி, பெருங்குடல் புண் நோய்க்கு இச்சிகிச்சையை ஆராய்ந்துள்ளது. நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில் 2019இல் 'அமிலி' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு மல வங்கி நடத்துகிறது.

எல்லாராலும் கொடுக்க முடியுமா?

முடியாது. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி, குடற்புழு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் எனப் பல சோதனைகளில் தேற வேண்டும். அமெரிக்காவின் 'ஓப்பன்பயோம்' வங்கியில், முன்வந்த 100 பேரில் 3 பேர்கூடத் தேறவில்லை. இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஒரே கொடையாளரின் மலத்திலிருந்து மருந்துக்கு அடங்காத கிருமி இரு நோயாளிகளுக்குத் தொற்றியதாகவும், அவர்களில் ஒருவர் இறந்ததாகவும் 2019இல் அமெரிக்க அரசு எச்சரித்தது. ஆகவே, இணையத்தைப் பார்த்து வீட்டில் முயன்று பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

தடை வெட்கம் மட்டும்தானா?

கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் 802 பேரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்டோர் இப்படியொரு சிகிச்சையைக் கேள்விப்பட்டதே இல்லை. இருந்தும், பெரும்பாலோர் கொடுக்கத் தயார் என்றார்கள், அல்லது மறுப்பில்லை என்றார்கள். பல்கலைக்கழக மாணவர்களிடம் விருப்பம் கூடுதலாக இருந்தது. அருவருப்போடு, சேகரித்து எடுத்துச் செல்லும் சிரமமும் அவர்களைத் தயங்க வைத்தது. நோயாளிக்கு என்ன நன்மை என்று தெரிந்தால் தயக்கம் குறைகிறது.

சிரமம் உண்மையானதுதான். மலத்தைச் சுமார் 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பதப்படுத்திவிட வேண்டும். ஒருமுறை கொடுத்தாலும் போதாது, வாரத்தில் பல நாள் கொடுக்க வேண்டிவரும். செரண்டாவிலிருந்து கொமுட்டர் ரயிலேறி கோலாலம்பூருக்குப் படிக்கப் போகும் மாணவருக்கு இது என்னவென்று சொல்லாமலே புரியும்.

நம் நாட்டிலும் மக்கள் மலம் கொடுத்திருக்கிறார்கள். ஜோகூர், சிகாமட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஜக்குன் பூர்வகுடியினர் என 214 பேர் கொடுத்த மாதிரிகளை வைத்து ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தாலும் இனத்துக்கு இனம் குடல் நுண்ணுயிரிகள் வேறுபடுவதை அது காட்டியது. அதற்கு நூறாண்டுக்கு முன், 1915 முதல் 1917 வரை, ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை எண்ணினார்கள். அது வெள்ளைக்காரன் காலம். இன்று ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் யாரிடமும் எதையும் எடுக்கக்கூடாது.

நம் சமூகத்தில் இன்னொரு சுமையும் உண்டு. மலம் அள்ளும் வேலையை ஒரு சாராரின் தலையில் கட்டிவிட்டு, அவர்களையே இழிவாகப் பார்த்த பழக்கம் அது. மலம் என்றதும் வரும் கூச்சத்தில் எவ்வளவு சுத்தம் பற்றியது, எவ்வளவு அந்தப் பழைய இழிவு என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

நாளை உங்களிடம் யாராவது கேட்டால், உடனே தலையாட்டவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நோய்க்கு? என் சோதனை முடிவை யார் பார்ப்பார்கள்? நடுவில் விலகிக்கொள்ளலாமா? பதில் தெளிவாக இருந்தால் முடிவெடுங்கள்.

அதற்கு முன், வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 50 முதல் 75 வயதுள்ளவர்களுக்கு அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிய மலப் பரிசோதனை செய்கிறார்கள். தாத்தாவும் பாட்டியும் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள். நோய் முற்றிய பிறகு தெரிவதைவிட, ஒரு நாள் கூச்சம் பெரிதில்லை.