தாளின் வெண்மையை விட்டுவைப்போம்

நம் இல்லங்கள் பலவற்றில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு வண்ணப்பெட்டி உறங்கிக்கொண்டிருக்கும். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக வாங்கியதாயிருக்கலாம். அல்லது பணி ஓய்வு பெற்ற தந்தை, இளமையில் நிறைவேறாத ஆசையைத் தீர்த்துக்கொள்ள வாங்கிவந்ததாயிருக்கலாம். இரண்டு மூன்று தாள்கள் சேறாகிப் போயின. "இது நமக்குக் கைவராது" என்ற தீர்ப்போடு பெட்டி மேலே ஏறிவிட்டது. இத்தீர்ப்பு பெரும்பாலும் அநீதியானது என்பதே நம் கருத்து. குற்றம் கையினுடையதன்று, தாளினுடையது.

கடைகளில் எளிதில் கிடைக்கும் மெல்லிய டிராயிங் ஷீட் பென்சிலுக்கு ஏற்றது. நீர் பட்டவுடன் அது அலையலையாய் எழும்பும். பள்ளங்களில் வண்ணம் தேங்கும். மறுமுறை தூரிகை பட்டால் மேற்பரப்பு நார்நாராய் உரியும். தேர்ந்த ஓவியரும் அத்தாளில் திணறவே செய்வார். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளைக் கேட்டு வாங்குக. விலை கூடுதல்தான், ஆயினும் முழுத்தாளை எட்டாக வெட்டிக்கொண்டால் எட்டுப் பாடங்கள் ஆயிற்று. செலவைக் குறைக்க வேண்டுமாயின் வண்ணத்தில் குறைக்கலாம். எலுமிச்சை மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா எனும் செங்காவி ஆகிய நான்கே தொடக்கத்திற்குப் போதும். நீலத்தையும் செங்காவியையும் குழைத்தால், ஐப்பசியில் சேலையூர் ஏரிக்கு மேல் திரளும் மழைமேகத்தின் சாம்பல் நிறம் கிடைத்துவிடும். தூரிகைகளில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பெட்டியிலுள்ள வெள்ளை வண்ணத்தை மட்டும் யாரேனும் எடுத்து ஒளித்துவைத்துவிடுதல் நலம்!

ஏனெனில் நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளே. எண்ணெய் வண்ணத்தில் கருமைமேல் வெண்மையைத் தீட்டலாம். இங்கோ வண்ணம் கண்ணாடிபோல ஒளியை ஊடுருவ விடுவது. ஏரியில் நிற்கும் கொக்கு வெண்மையாக வேண்டுமெனில், அக்கொக்கின் வடிவத்தை முதலிலேயே தீட்டாமல் விட்டுவிட வேண்டும். எதை வரைவது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்று முன்கூட்டியே சிந்திப்பதில்தான் பாதிக் கலை அடங்கியிருக்கிறது.

முதற்பாடம் வானம். தாளைப் பலகையில் ஒட்டி, மேற்பக்கத்தைச் சற்றே உயர்த்திக்கொள்க. பெரிய தூரிகை நிறைய வண்ணநீர் எடுத்து, மேல்விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. அதன் கீழ்விளிம்பில் வண்ணநீர் மணிபோல் திரண்டு நிற்கும்; அடுத்த இழுப்பு அம்மணியைத் தொட்டுச் செல்ல வேண்டும். ஒவ்வோர் இழுப்பிலும் நீரைக் கூட்டிக்கொண்டே வந்தால் நீலம் அடிவானம் நோக்கி வெளுத்துக்கொண்டே வரும். தீட்டியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தவே கூடாது. பாதி காய்ந்த இடத்தில் ஈரத்தூரிகை பட்டால் காலிஃபிளவர் பூப்போன்ற கறை படியும். காய்ந்ததா என அறியப் புறங்கையைத் தாளின் அருகே கொண்டுசெல்க. குளிர்ச்சி தோன்றினால் ஈரம் உளது. இன்னொன்றும் அறிக: ஈரத்தில் அடர்ந்து தோன்றும் வண்ணம் காய்ந்தபின் வெளுக்கும். ஆதலால் முதலில் சற்றுத் துணிவாகவே தீட்ட வேண்டும்.

நம் தட்பவெப்பமும் இதில் ஓர் ஆசிரியர். சித்திரை வெயிலில் தாம்பரம் மொட்டைமாடியில் அமர்ந்து தீட்டினால், ஓர் இழுப்பு முடியுமுன் முந்தையது காய்ந்து கோடு விழும், விடியற்காலையே ஏற்றது. கார்த்திகை ஈரக்காற்றிலோ வானம் தானே கரைந்து மேகமாகும்; ஆனால் அடுத்த பூச்சுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பள்ளிப் போட்டிகளில் ஒரு மணி நேரத்தில் ஓவியத்தை முடிக்கச் சொல்லும் வழக்கம் நீர்வண்ணத்திற்குப் பெரும் பகை.

காலம் கடந்துவிட்டதே என வருந்துவோருக்கு நம் அண்டையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1911இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தது 1936இல்தான். 1850இல் தொடங்கிய அப்பள்ளியில், மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது தலைமை வகித்தார். பிற்காலத்தில் சொற்களும் குறிகளும் நிறைந்த நவீன ஓவியங்களால் புகழ்பெற்ற பணிக்கர், தொடக்கக் காலத்தில் தீட்டியவை பெரும்பாலும் நீரும் மரங்களும் நிறைந்த நீர்வண்ண இயற்கைக் காட்சிகளே. பின்னர் அப்பள்ளிக்கே முதல்வரானார். 1966இல் அவர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்தில் நிறுவிய சோழமண்டல ஓவியர் கிராமம் இன்றும் உளது. விடுமுறை நாளொன்றில் குடும்பத்தோடு அங்குச் சென்று, அசல் ஓவியங்களை அருகில் நின்று காணலாம். அச்சிட்ட படங்கள் காட்டாத தூரிகைத் தடங்களை அசல் காட்டும்.

செல்லும் வழியிலேயே பாடமும் உண்டு. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிச் சாலையில் சென்றால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. நீர், நாணல், பறவை, பின்னே மங்கலாய்க் கட்டடங்கள். தொலைவிலுள்ளவற்றை நீர்த்த நீலச்சாம்பலிலும், அருகிலுள்ள நாணலை அடர்ந்த பச்சையிலும் தீட்டினால் தொலைவு தானே தோன்றும். அப்பச்சையையும் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டா. மஞ்சளும் நீலமும் கலந்து, துளிச் செங்காவி சேர்த்தால் நம் மண்ணின் பச்சை வரும். வீடு திரும்பியதும் தூரிகையைக் கழுவி, முனையை விரலால் கூராக்கிப் படுக்கவைக்க வேண்டும். குவளை நீரில் தலைகீழாய் நிறுத்திவைத்த தூரிகை மறுநாள் வளைந்திருக்கும்.