பாலைவனத்திலிருந்து பால்கனிக்கு

டிசம்பர், ஜனவரியில் தில்லியில் காரைக் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுவது நல்லது. ராத்திரி கொண்டுவந்து நிறுத்திய வண்டியின் இன்ஜின் சூட்டில் பூனை சுருண்டு படுத்திருக்கலாம். மே மாதம் அதே பூனை ஏர் கூலருக்கு எதிரே மொசைக் தரையில் கால் பரப்பிக் கிடக்கும். வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் அது உடம்பை நக்கிக்கொண்டே இருப்பது சுத்தத்துக்காக மட்டுமல்ல. எச்சில் ஆவியாகும்போது சூடு தணிகிறது. பூனைக்கு வியர்ப்பதோ பாதங்களில்தான்.

பூர்வீகம் தெரிந்தால் பூனையின் பாதிப் புதிர் விடுபடும். உலகின் வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியக் காட்டுப் பூனையின் வாரிசுகள் என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று சொன்னது. மனிதன் தானியத்தைச் சேர்த்தான், எலி வந்தது, பின்னாலேயே பூனையும் வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் பூனையையும் புதைத்திருக்கிறார்கள். சிந்துவெளியின் சன்ஹுதாரோவில் 1930களில் கிடைத்த செங்கல் ஒன்றில் பூனையின் காலடியும் நாயின் காலடியும் பதிந்திருக்கின்றன. துரத்தல் அப்போதே ஆரம்பித்துவிட்டது போலும்!

வறண்ட நிலத்துப் பிராணிக்குத் தாக உணர்ச்சி குறைவு. இரையின் ஈரமே அதற்குப் போதுமானதாக இருந்தது. பாக்கெட் உலர் தீனியை மட்டும் தின்று தில்லிக் கோடையைக் கழிக்கும் பூனைக்கு அது போதாது. வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைக்க வேண்டும். ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று காத்திருப்பது ஆபத்து. சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தால் இரண்டு மூன்று நாட்களில் உயிரே போய்விடும்.

சைவக் குடும்பங்களின் சங்கடம் வேறு. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் தயிர் சாதம் தின்று வளர்ந்த பூனைகளைப் பலர் பார்த்திருப்பார்கள். வெளியே போய் எலியோ பல்லியோ பிடித்தவரை அவை பிழைத்துக்கொண்டன. மூன்றாம் மாடி ஃபிளாட்டில் பூட்டி வைத்த பூனைக்கு அந்த வழி இல்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்தைப் போதிய அளவு தானாகத் தயாரிக்கப் பூனையின் உடலால் முடியாது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். பூனை என்றால் பால் என்பதும் பழைய கணக்குதான். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். பாயசத்தில் வாய் வைத்தாலும் அது சர்க்கரைக்காக இல்லை. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது.

ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்குகிறது. விழித்து வேட்டையாடும் நேரம் விடியலும் அந்தியும். பால் பூத் திறக்கும் முன்பே அது எஜமானர் மார்பில் ஏறி நிற்பதற்குக் காரணம் அதுதான். அப்போது எழுந்து தீனி போட்டவர் மறுநாளும் எழுந்தாக வேண்டும். சோபாவைப் பிராண்டுவது குறும்பல்ல. நகத்தின் பழைய உறை கழல்கிறது, பாதத்தின் வாசனை அங்கே பதிகிறது. அடித்துப் பயனில்லை, பக்கத்திலேயே சாக்குச் சுற்றிய கட்டை ஒன்றை நிறுத்தலாம்.

‘மியாவ்’ பெரும்பாலும் மனிதருக்கான மொழி. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அப்படிக் கூப்பிட்டுக்கொள்வது அபூர்வம். பூனைகளுக்குத் தங்கள் பெயர் அடையாளம் தெரியும் என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 2019இல் காட்டியது. கூப்பிட்டால் வராததற்குக் காரணம் காது கேளாமை இல்லை.

வலியை மறைப்பதும் காட்டிலிருந்து வந்த பழக்கம். தீனியைத் தொடாமல் கட்டிலுக்கு அடியிலேயே ஒரு நாள் கிடந்தால் அது கோபமாக இருக்காது, நோயாக இருக்கலாம். காய்ச்சல் என்று வீட்டு அலமாரியிலிருந்து பாராசிட்டமால் எடுத்துக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த மருந்தை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ஒரே ஒரு மாத்திரை போதும், பூனை செத்துவிடும்.