சராசரி மட்டும் போதுமா?

வானொலிச் செய்திகளிலும் நாளிதழ்களிலும் ‘சராசரி வருமானம்’, ‘சராசரி விளைச்சல்’, ‘சராசரி விலை’ என்னும் சொற்கள் அடிக்கடி வருகின்றன. சராசரி வருமானம் உயர்ந்துள்ளது என்னும் செய்தியைக் கேட்கும்போது, நம் வீட்டு வருமானம் மட்டும் ஏன் உயரவில்லை என்னும் ஐயம் நமக்கு எழுகிறது. செய்தி பொய்யாக இருக்க வேண்டுமென்பதில்லை. பல எண்களை ஒரே எண்ணில் அடக்கிச் சொல்லும்போது சில உண்மைகள் மறைந்துவிடுகின்றன. மறைந்தவற்றை அறிந்துகொள்ளும் வழிகளைப் புள்ளியியல் நமக்குக் கற்றுத் தருகிறது. கூட்டலும் வகுத்தலும் அறிந்த எவரும் இவற்றை எளிதில் புரிந்துகொள்ளலாம்.

நடுவைக் காட்டும் அளவுகள்

ஒரு தோட்டத்தில் ஏழு வீடுகள் அடுத்தடுத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆறு வீடுகளின் மாத வருமானம் முறையே 1,800, 1,900, 2,000, 2,100, 2,200, 2,300 வெள்ளி. ஏழாவது வீட்டில் பிள்ளைகள் இருவர் பட்டணத்தில் நல்ல உத்தியோகத்தில் இருக்கின்றனர். அவ்வீட்டின் வருமானம் 8,700 வெள்ளி.

ஏழு வீட்டு வருமானத்தையும் கூட்டினால் 21,000 வெள்ளி. இதனை ஏழால் வகுத்தால் 3,000 வெள்ளி கிடைக்கும். இதுவே சராசரி. கணக்கில் பிழையில்லை. ஆயினும் ஏழு வீடுகளில் ஆறு வீடுகள் இந்தச் சராசரியை எட்டவேயில்லை.

இப்போது வருமானங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, சரிநடுவில் நிற்கும் நான்காவது எண்ணைப் பார்ப்போம். அது 2,100 வெள்ளி. இதற்கு இடைநிலை அளவு என்று பெயர். இதற்குக் கீழே மூன்று வீடுகளும் மேலே மூன்று வீடுகளும் உள்ளன. எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால், நடுவில் உள்ள இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு ஏழாவது வீட்டின் வருமானம் மட்டும் 1,400 வெள்ளி கூடுகிறது எனக் கொள்வோம். சராசரி 3,200 வெள்ளியாக உயரும். ஆனால், மற்ற ஆறு வீடுகளுக்கும் ஒரு காசுகூட அதிகமாக வரவில்லை. இடைநிலை அளவோ அதே 2,100 வெள்ளியில் நிற்கும். சராசரி உயர்ந்தும் நம் வீட்டில் மாற்றம் தெரியாமல் போவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

நாடு முழுமைக்கும் இது பொருந்தும். மலேசியப் புள்ளிவிவரத் துறை 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி. இடைநிலை வருமானம் 6,338 வெள்ளி. இரண்டிற்கும் 2,141 வெள்ளி வேறுபாடு உள்ளது. பாதிக் குடும்பங்கள் 6,338 வெள்ளிக்கு மேற்படாத வருமானம் பெற்றன என்பதே இதன் பொருள். மிக உயர்ந்த வருமானம் பெறும் குடும்பங்களே சராசரியை மேலே இழுக்கின்றன.

மூன்றாவது அளவு முகடு. மிகுதியான முறை வரும் எண்ணே முகடாகும். கூட்டுறவுக் கடைக்கு ரப்பர் காலணி வாங்க ஏழு பேரின் கால் அளவு எடுக்கப்படுகிறது: 6, 7, 7, 7, 9, 10, 10. இவற்றின் சராசரி 8. ஆனால், 8ஆம் அளவுள்ள காலணி அணிபவர் அவர்களுள் ஒருவரும் இலர்! இங்கு முகடாகிய 7ஆம் அளவையே அதிகமாக வாங்கி வைத்தல் தகும்.

இதனால் சராசரி பயனற்றது எனக் கொள்ளலாகாது. மொத்தத்தை அறிய அதுவே உதவும். ஆளுக்குச் சராசரியாக எத்தனை கிலோ பால் என்பது தெரிந்தால், ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி மொத்தப் பாலைக் கணக்கிட்டுவிடலாம். எந்தக் கேள்விக்கு எந்த அளவு என்பதை அறிவதே முக்கியம்.

பரவலைக் காட்டும் அளவுகள்

நடுவை மட்டும் அறிந்தால் போதாது. எண்கள் நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும் அறிய வேண்டும். இருவரின் ஆறு மாத வருமானத்தை ஒப்பிடுவோம். ஒருவர் தொழிற்சாலை ஊழியர். அவருடைய வருமானம்: 1,900, 2,000, 2,100, 2,000, 1,950, 2,050 வெள்ளி. மற்றவர் சிறுதோட்டம் ஒன்றில் பால் வெட்டிப் பங்கு பெறுபவர். அவருடைய வருமானம்: 2,600, 2,500, 2,300, 1,200, 1,300, 2,100 வெள்ளி. நான்காம், ஐந்தாம் மாதங்கள் மரங்கள் இலையுதிர்க்கும் காலம். பொதுவாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான அக்காலத்தில் பால் குறைவதை நாம் அறிவோம்.

இருவரின் மொத்த வருமானமும் 12,000 வெள்ளியே. இருவரின் சராசரியும் 2,000 வெள்ளியே. ஆயினும் இருவரின் வாழ்க்கையும் ஒன்றா?

மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழித்தால் வருவது வீச்சு. முதலாமவருக்கு வீச்சு 200 வெள்ளி. இரண்டாமவருக்கு 1,400 வெள்ளி. ஒவ்வொரு மாத வருமானமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று கண்டு, அவ்விலகல்களைக் கூட்டி ஆறால் வகுத்தால் சராசரி விலகல் கிடைக்கும். அது முதலாமவருக்கு 50 வெள்ளி. இரண்டாமவருக்கு 500 வெள்ளி, அதாவது பத்து மடங்கு! புள்ளியியலார் பெரிதும் பயன்படுத்தும் திட்ட விலக்கம் என்பதும் இத்தகைய விலகலை அளப்பதே. அதனைக் கணக்கிடும் முறை மட்டும் சற்று வேறு.

குடும்பக் கணக்கில் இதன் பயன்

இருவரும் வீட்டுச் செலவுக்கு 1,500 வெள்ளியும், மோட்டார் சைக்கிள் தவணைக்கு 400 வெள்ளியும் ஒதுக்குகின்றனர் என்போம். மாதச் செலவு 1,900 வெள்ளி. சராசரி வருமானத்தைப் பார்த்தால் இருவராலும் சமாளிக்க இயலும். முதலாமவர் எந்த மாதத்திலும் இடர்ப்படுவதில்லை. இரண்டாமவருக்கோ நான்காம் மாதம் 700 வெள்ளியும், ஐந்தாம் மாதம் 600 வெள்ளியும் துண்டு விழும். அவ்வேளையில் வட்டிக்குக் கடன் வாங்கினால், சராசரி சொல்லாத துன்பம் வீட்டினுள் புகுந்துவிடும்.

முதல் மூன்று மாதங்களில் அவருக்கு மிஞ்சும் தொகை 1,700 வெள்ளி. அதில் 1,300 வெள்ளியைச் சேமிப்பு வங்கியில் போட்டு வைத்தால் துண்டு விழும் இரு மாதங்களையும் கடனின்றிக் கடக்கலாம். ஆகவே, பரவல் மிகுந்த வருமானம் உடையோர் தவணைக்குக் கையொப்பமிடுமுன் சராசரி மாதத்தை மட்டுமன்றி, மிகக் குறைந்த மாதத்தையும் எண்ணிப் பார்த்தல் அவசியமாகும்.

சராசரி, இடைநிலை, முகடு, வீச்சு ஆகியவற்றை நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளிலேயே கற்கின்றனர். கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து அவர்களிடம் கொடுத்து, இந்நான்கையும் கணக்கிடச் சொல்வோம். பிள்ளைகளுக்கு அது நல்ல பயிற்சியாகும். பெற்றோருக்கோ வரும் மாதங்களுக்கு வழிகாட்டியாகும். இனி எவரேனும் சராசரியைக் கூறினால், “இடைநிலை என்ன? மிகக் குறைந்தது எவ்வளவு, மிக உயர்ந்தது எவ்வளவு?” என்று கேட்டறிவோமாக.